பாட்டுக்குப் படியளந்தவர்கள் – 14: உடையார்பாளையத்துக் கனக் குரல்

சென்ற இதழை ஹார்லெமில் நிறுத்தியிருந்தோம். 1927 டிசம்பரில் நியூயார்க்கின் காட்டன் கிளப்பில் டியூக் எலிங்டன் தன் ஜாஸ் குழுவோடு வேலைக்கு அமர்ந்தார். மேடையில் வாசித்தவர்கள் கறுப்பர்கள். எதிரே மேசைகளில் உட்கார வெள்ளையர்களுக்கு மட்டுமே அனுமதி. கிளப்பின் முதலாளி ஓவ்னி மேடன், மதுவிலக்குக் காலத்தில் கள்ளச்சரக்கில் பணம் பார்த்தவர். அந்த இடத்திலிருந்துதான் வானொலி வழியாக எலிங்டன் குழுவின் வாசிப்பு அமெரிக்கா முழுக்கப் போய்ச் சேர்ந்தது. பப்பர் மைலியின் உறுமும் டிரம்பெட்டையும், ஜானி ஹாட்ஜஸின் குழையும் சாக்ஸபோனையும் காதில் வைத்துக்கொண்டே எலிங்டன் மெட்டமைத்தார் என்று பார்த்தோம்.

பாட்டுக்காரருக்குப் படியளந்தது யார், அந்தப் படி அவருடைய பாட்டை என்ன செய்தது? இந்தத் தொடர் முழுக்கக் கேட்டுவரும் இந்தக் கேள்வியோடு இந்த முறை நம் ஊருக்கே திரும்புகிறேன். கொள்ளிடத்தைக் கடந்து வடக்கே, அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம்.

இந்தப் பக்கத்தைச் சங்கீத வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எட்டிப் பார்ப்பதில்லை. திருவையாறு, திருவாரூர், தஞ்சாவூர், கும்பகோணம் என்று காவிரியின் கரையோடு அவர்கள் பேனா நின்றுவிடும். ஆறு பாயாத மண்ணில் ராகம் விளையாது என்று ஒரு நினைப்பு. அரியலூர் என்றால் சிமென்ட், பெரம்பலூர் என்றால் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும். பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் மானாவாரிப் பகுதி இது. 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அதிலிருந்து 2007-ல் அரியலூர் நிலையாகப் பிரிந்தது. கர்நாடக சங்கீதத்தில் ஒரு காலத்துக்கே பேர் வாங்கிய ஒரு குரலுக்குப் பல்லாண்டு சோறு போட்டது இந்த வறண்ட சீமைதான்.

கனம் கிருஷ்ணையர் பிறந்தது அரியலூர்ப் பக்கத்துப் பெரிய திருக்குன்றத்தில். 1790-ல் பிறந்து 1854-ல் மறைந்தார் என்று அவர் காலத்தைக் குறிக்கிறார்கள். தகப்பனார் ராமசாமி ஐயர். வீட்டிலேயே சங்கீதம் இருந்தது. பிறகு தஞ்சாவூர் போய்ப் பச்சிமிரியம் ஆதியப்பையரிடம் கற்றார். பைரவியில் ‘விரிபோணி’ வர்ணத்தைச் செய்த அதே ஆதியப்பையர். இன்றைக்கும் வர்ணம் என்றாலே வித்துவான்களின் நினைவுக்கு முதலில் வரும் வர்ணம் அது. அப்படிப்பட்டவரிடம் பாடம் கேட்டவருக்கு அடித்தளம் எப்படி அமைந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தஞ்சாவூர் அப்போது இரண்டாம் சரபோஜியின் கையில் இருந்தது. கையில் என்றால் கோட்டைக்குள் மட்டும். 1799-ல் செய்த உடன்படிக்கையோடு நாட்டின் நிர்வாகம் கும்பினிக்குப் போய்விட்டது. வரியும் படையும் போன அரசருக்கு எஞ்சியது சரஸ்வதி மகாலும் சபையும். நூலும் இசையும் மருத்துவமும் அந்தக் கோட்டைக்குள் அப்படிச் செழித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. உடையார்பாளையத்திலும் இதே கதைதான். அதைப் பின்னால் பார்ப்போம்.

சரபோஜியின் சபைக்கு ஆந்திர தேசத்திலிருந்து ஒருவர் வந்தார். பொப்பிலி கேசவையா. ‘பூலோக சாப சுட்டி’ என்பது அவருடைய விருது. உலகத்தையே பாய் போலச் சுருட்டி வைத்தவர் என்று பொருள். ஊர் ஊராகப் போய் அந்தந்தச் சபை வித்துவான்களைப் போட்டிக்கு அழைத்து, தோற்கடித்துவிட்டு அடுத்த ஊருக்கு நகர்கிறவர். ஹார்லெமின் வீட்டு விருந்துகளில் பியானோக்காரர்கள் ஒருவரை ஒருவர் விடிய விடிய மோதிப் பார்த்ததைப் போன இதழில் படித்தவர்களுக்கு இந்த மனிதரின் சுபாவம் உடனே பிடிபடும்.

கேசவையா தஞ்சாவூருக்கு வந்தது பற்றி வழிவழியாக இரண்டு கதைகள் உண்டு. முதல் கதை எல்லாருக்கும் தெரிந்தது. தஞ்சை வித்துவான்கள் சாமா சாஸ்திரியிடம் போய் மானத்தைக் காப்பாற்றச் சொன்னார்கள். அவர் பங்காரு காமாட்சியின் சந்நிதியில் சிந்தாமணி ராகத்தில் பாடி வேண்டிக்கொண்டு சபைக்குப் போனார். கேசவையாவின் தாள வித்தைகளுக்கெல்லாம் பதில் சொன்னதோடு சரபநந்தனம் என்ற தாளத்தில் பாடி அவரைத் திகைக்க வைத்தார்.

இந்தக் கதையில் உடையார்பாளையத்துக்கு ஒரு மறைமுகப் பங்கு இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் முகலாயப் படைகளுக்கு அஞ்சிக் காஞ்சிபுரத்திலிருந்து கோயில் மூர்த்திகளைத் தெற்கே கொண்டுவந்தபோது அடைக்கலம் கொடுத்த இடங்களில் உடையார்பாளையம் முக்கியமானது. வரதராஜப் பெருமாள் 1710-ல் தோடர்மல்லரின் முயற்சியால் காஞ்சிக்குத் திரும்பினார். பங்காரு காமாட்சி திரும்பவில்லை. பல ஆண்டுகள் உடையார்பாளையத்தில் இருந்து, திருவாரூர் வழியாகத் தஞ்சாவூர் போய் அங்கேயே கோயில் கொண்டாள். அவளோடு கூடவே நடந்த பூசகர் குடும்பம் சாமா சாஸ்திரியின் முன்னோர் குடும்பம். உடையார்பாளையம் அன்றைக்குக் கதவை அடைத்திருந்தால் தஞ்சையில் அந்தச் சந்நிதியும் இல்லை, அந்தச் சிந்தாமணியும் இல்லை.

இரண்டாவது கதை அவ்வளவாகப் பேசப்படாதது. அதுதான் நம் கதை.

சங்கீதத்தில் கனம், நயம், தேசிகம் என்று மூன்று மார்க்கங்கள் சொல்வார்கள். நயமும் தேசிகமும் பலருக்குக் கைவந்தவை. கன மார்க்கம் வேறு. நாபியிலிருந்து எழும்பும் நாதம், கனத்த சாரீரம், தாங்கிப் பிடிக்கும் மூச்சு, அதற்கு ஈடு கொடுக்கும் உடம்பு, எல்லாம் சேர்ந்தால்தான் அது வாய்க்கும். சக்கரதானம் என்று தானம் பாடும் ஒரு முறையும் அதில் உண்டு. கேசவையா அதில் கரை கண்டவர். அவர் பாடியதைக் கேட்ட அரசர், இந்த மார்க்கம் நம் சபையிலும் நிலைக்க வேண்டும், இவரிடம் கற்றுக்கொள்ள யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார். பெரிய பெரிய வித்துவான்கள் நிறைந்த சபை அது. எல்லாரும் தயங்கினார்கள். வயது கடந்து உடம்பை வளைக்க வேண்டும்; கற்றுக்கொண்ட பாணியைக் கொஞ்ச காலம் ஒதுக்கிவைக்க வேண்டும்; வராமல் போனால் சபையில் தலைகுனிவு. இளையவரான கிருஷ்ணையர் எழுந்து, நான் கற்கிறேன் என்றார்.

கேசவையாவை வென்றதற்காகச் சாமா சாஸ்திரியைக் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். வென்று போக வந்த ஒருவரின் காலடியில் உட்கார்ந்து அவர் வித்தையைத் தன் ஊருக்கு வாங்கி வைத்தவரையும் அதே அளவு கொண்டாட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வித்தை கேசவையாவோடு பொப்பிலிக்கே திரும்பிப் போயிருக்கும். தமிழ்நாட்டில் தங்கியது கிருஷ்ணையர் எழுந்து நின்றதால்.

முறையைத் தெரிந்துகொண்ட பிறகு சாதகம் செய்ய அவருக்கு இடம் தேவைப்பட்டது. அரண்மனையில் உட்கார்ந்து இந்தச் சாதகத்தைச் செய்ய முடியாது. நாளெல்லாம் உரக்கக் குரலெடுக்க வேண்டும், தவறுவதை யாரும் கேட்கக் கூடாது, உடம்புக்கு நல்ல ஆகாரம் வேண்டும், கவலை கூடாது. கபிஸ்தலத்தில் ராமபத்திர மூப்பனார் அந்த வசதியைச் செய்துகொடுத்தார். நிலமும் மனமும் பெரிதாக இருந்த மூப்பனார் குடும்பம். அந்த வீட்டில் தங்கிக் கிருஷ்ணையர் தன் குரலைப் புதிதாகக் கட்டிக்கொண்டு தஞ்சாவூர் திரும்பிப் பாடினார். ‘கனம்’ என்ற சொல் அன்றிலிருந்து அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது.

பாடி முடித்த வித்துவானுக்குச் சால்வையும் சன்மானமும் கொடுக்க எப்போதும் ஆள் உண்டு. இன்னும் பாட வராத நிலையில், குரல் உடைந்து கட்டுகிற மாதங்களில், சோறு போடுகிறவர் அரிது. இந்தத் தொடரில் நாம் பார்த்த புரவலர்களில் மூப்பனாரை நான் உயரத்தில் வைப்பது இதற்காகத்தான். மேடையில் ஏறாத சாதகத்துக்கு அவர் படியளந்தார்.

அடுத்து திருவிடைமருதூர். தஞ்சையில் அரியணையை இழந்த அமரசிம்மரின் குடும்பம் அங்கே ஒரு சிறிய சபையை வைத்திருந்தது. கிருஷ்ணையர் அங்கே சிலகாலம் இருந்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைப் பின்னாளில் பாடிய கோபாலகிருஷ்ண பாரதி அவரிடம் சங்கீதம் கேட்டது அந்த ஊரில்தான். கிருஷ்ணையர் அடாணாவில் பாடிய ஒரு பதத்தைக் கேட்டு, அதே அடாணாவில் பாரதி சிவபெருமான் மேல் ஒரு கீர்த்தனை செய்தார் என்று ஒரு செய்தி உண்டு. குரு காதலியின் வாக்காகப் பாடியதைச் சீடர் பக்தனின் வாக்காகத் திருப்பினார்.

தஞ்சாவூர், கபிஸ்தலம், திருவிடைமருதூர் எல்லாம் கடந்து அவர் நிலைத்தது சொந்தச் சீமையில், உடையார்பாளையத்தில்.

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் வழியில் இருக்கிறது உடையார்பாளையம். பயறணீஸ்வரர் கோயிலும் காண்டீப தீர்த்தமும் ஊருக்கு அடையாளம். சுங்கத்துக்குப் பயந்து மிளகைப் பயறு என்று சொன்ன வணிகரின் மூட்டை நிஜமாகவே பயறானது, அழுது வேண்டியதும் மறுபடி மிளகானது என்று தலபுராணம். கடம்பூர் போல, துறையூர் போல, இதுவும் பாளையப்பட்டாக இருந்து ஜமீனானது. காஞ்சியோடு உள்ள பழைய தொடர்பைக் காட்டும் விதமாக இந்த ஜமீன்தார்களின் பெயர்கள் ‘கச்சி’ என்று தொடங்கும். பக்கத்து அரியலூரில் மழவராயர்கள். இரண்டு பாளையங்களும் ஆற்காட்டு நவாப்பின் படையிடம் அடிவாங்கின. பிறகு கும்பினியின் ஆட்சியில் வாளை வைத்துவிட்டுக் கிஸ்தி கட்டும் ஜமீன்களாயின.

தஞ்சாவூர் அரசருக்கு நேர்ந்தது சின்ன அளவில் இங்கேயும் நேர்ந்தது. படை திரட்டும் வேலை போனது. அரண்மனை, பரிவாரம், பழைய கௌரவம் மட்டும் மிச்சம். அந்தக் கௌரவத்தை எதில் காட்டுவது? புலவரிடமும் பாடகரிடமும் காட்டினார்கள். கச்சி யுவரங்கர் அப்படிப்பட்டவர். சங்கீதத்தின் சுவை தெரிந்தவர். கிருஷ்ணையரைத் தன் சமஸ்தான வித்துவானாக வைத்துக்கொண்டார். கிருஷ்ணையரும் அவர் பெயரைத் தன் பதங்களில் வைத்தார். யுவரங்க பூபதி என்ற பெயர் அந்தப் பாடல்களில் நாயகனாக நடமாடுகிறது. ஜமீன் கணக்குப் புத்தகங்களை இன்றைக்கு யாரும் புரட்டுவதில்லை. அந்தப் பெயரைப் பாட்டு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பதம் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். தெலுங்கில் க்ஷேத்ரக்ஞர் காட்டிய வழி அது. தமிழில் முத்துத் தாண்டவரும் பிறரும் நடத்தியது. நாயகி தன் ஏக்கத்தைச் சொல்லும் பாட்டு. நடை மிக மெதுவானது. ஒரு சொல்லை நிறுத்தி, குழைத்து, ராகத்தின் மூலை முடுக்கெல்லாம் காட்டிப் பாட வேண்டும். அவசரக்காரருக்கு அது ஒத்துவராது. கன மார்க்கத்தில் சபையை அதிர வைத்தவர் இந்த மெல்லிய வடிவத்தைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டது பலருக்கு முரணாகத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. பதத்தின் அந்த மெதுவான நடையை அறுபடாமல் தாங்க நீண்ட மூச்சு வேண்டும். கபிஸ்தலத்தில் அவர் கட்டிய மூச்சு உடையார்பாளையத்தில் பதமாயிற்று என்பது என் துணிபு. பைரவியில் அவர் செய்த ‘வேலவரே’ என்ற பதத்தை நல்ல விளம்பத்தில் யாராவது பாடக் கேட்டால் நான் சொல்வது விளங்கும். முருகனைத் தேடித் தவிக்கும் பெண்ணுக்காகத் தோழி பேசும் பாட்டு அது. அந்த பைரவி ஓரிடத்திலும் ஓடாது.

புரவலரின் அன்பு நிலையாக இருந்ததா? இல்லை. ஒரு சமயம் யுவரங்கர் பாராமுகமாக இருந்துவிட்டார். ஊரிலிருந்து திரும்பிய கிருஷ்ணையருக்குப் பேட்டி கிடைக்கவில்லை, நாள்கள் போயின. கோபித்துக்கொண்டு வேறு சபை தேடிப் போவது அந்தக் குரலுக்குக் கடினமான காரியம் இல்லை. அவர் ஒரு பதம் செய்தார். முன்பெல்லாம் பொன்னும் முத்தும் பதக்கமும் கொட்டிக் கொடுத்துக் கொண்டாடிய நாயகன் இன்றைக்குத் திரும்பிப் பார்க்காமல் இருப்பது ஏன் என்று நாயகி கேட்கும் பதம். அது ஜமீன்தாரின் காதுக்குப் போயிற்று. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வந்து பார்த்துத் தம் தவற்றுக்கு வருந்தி, பழையபடி அன்பு பாராட்டினார்.

பதம் என்ற வடிவம் ஒரு சமஸ்தானத்து வித்துவானுக்கு எவ்வளவு பொருத்தமாக அமைந்தது பாருங்கள். நாயகனின் மனம் மாறுவதற்கும் புரவலரின் மனம் மாறுவதற்கும் வேறுபாடு கிடையாது. காத்திருத்தல், வாயில் அடைபடுதல், பழைய அன்பை நினைவூட்டுதல் எல்லாம் நாயகிக்கும் உண்டு, பாடகருக்கும் உண்டு. மானம் போகாமல் மனக்குறையைச் சொல்ல அந்த வடிவம் இடம் கொடுத்தது. காட்டன் கிளப்பின் பின்வாசல் வழியே போய்வந்த ஜாஸ் வாசிப்பவர்களின் நெஞ்சில் இருந்தது வேறு வகையான, இன்னும் கொடிய குறை. அவர்களும் அதை வாத்தியத்தில்தான் சொன்னார்கள்.

உடையார்பாளையத்தில் கிருஷ்ணையரின் வீடு குருகுலமாகவும் இருந்தது. அங்கே இருந்து கற்றவர்களில் ஒருவர் உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர். கிருஷ்ணையருக்கு உறவினர். குருவின் பதங்களையும் கீர்த்தனைகளையும் நேரே கேட்டு நெஞ்சில் வாங்கியவர். குருகுலம் முடிந்ததும் அவருக்கு ஆதரவு கொடுத்தது பக்கத்து அரியலூர் ஜமீன். 1855-ல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். கிருஷ்ணையர் மறைந்ததற்கு மறு ஆண்டு. அந்தப் பிள்ளைதான் உ. வே. சாமிநாதையர்.

தமிழ்த் தாத்தாவின் இளமையைப் படிக்கிறவர்கள் ஏடு, சுவடி, மகாவித்துவான் என்று போய்விடுகிறோம். அந்த இளமையின் ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ், குன்னத்தில் குடியிருப்பு, கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் இலக்கணம், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பு. எல்லாம் இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்கள். இந்த ஊர்களுக்கெல்லாம் அந்தக் குடும்பத்தைக் கொண்டுசேர்த்தது தகப்பனாரின் சங்கீத ஜீவனம்.

அரியலூர் ஜமீனின் நிலை தளர்ந்தது. பாட்டுக்கு வந்துகொண்டிருந்த உதவி வற்றியது. வேங்கடசுப்பையர் கிராமங்களை நாடினார். அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளைப் பாடி இராமாயணப் பிரசங்கம் செய்வார். குன்னம் போன்ற ஊர்களில் மக்கள் இரவு கூடிக் கேட்டார்கள். இருக்க வீடும், தானியமும், வேண்டிய பண்டமும் கொடுத்துத் தாங்கினார்கள். தஞ்சாவூர் அரண்மனையில் தொடங்கிய ஒரு வித்தை இரண்டே தலைமுறையில் குன்னத்துத் திண்ணைக்கு வந்துவிட்டது. இதை வீழ்ச்சி என்று எழுதுவது வழக்கம். நான் அப்படி எழுத மாட்டேன். ஜமீன்தார் ஒருவர் கேட்ட பாட்டை ஒரு ஊரே கேட்டது. ஒருவர் மனம் மாறினால் அடுப்பு அணையும் என்ற நிலை மாறி, பல வீட்டுப் படியில் ஒரு குடும்பம் நின்றது. புன்செய்க் குடியானவர்கள் கொடுத்த அந்தத் தானியத்தில்தான் பின்னாளில் சங்க நூல்களைப் பதிப்பித்த கை வளர்ந்தது.

மகனுக்குச் சங்கீதமும் வர வேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. 1871-ல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மகனைக் கொண்டுவந்து சேர்த்தபோது, அதே ஊரில் கோபாலகிருஷ்ண பாரதி இருந்தார். கிருஷ்ணையரின் பேரால் தகப்பனாருக்கும் பாரதிக்கும் பழக்கம். பிள்ளையிடம் தமிழ், பாரதியிடம் சங்கீதம் என்று பாடம் தொடங்கியது. திருவிடைமருதூரில் கிருஷ்ணையர் பாரதிக்குக் கொடுத்தது, கிருஷ்ணையரின் சீடர் மகனுக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. கொஞ்ச காலம்தான். சங்கீதத்தில் கவனம் போனால் இலக்கண இலக்கியப் படிப்பு நிலைக்காது என்று பிள்ளை கருதினார். மாணவர் சங்கீதப் பாடத்தை விட்டார்.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் தீர்ப்பு இல்லாமல் இருந்தால் நமக்குச் சீவக சிந்தாமணிப் பதிப்பு 1887-ல் கிடைத்திருக்குமா என்று தெரியாது. ஆனாலும் பெரிய திருக்குன்றத்திலிருந்து உடையார்பாளையம், அரியலூர், குன்னம் என்று ஒரே கொடியாக வந்த சங்கீதம் மாயூரத்தில் அந்த நாளில் அறுந்தது. அந்த இழப்பும் இழப்புதான்.

பாட முடியாமல் போனதை அவர் எழுத்தில் காப்பாற்றினார். எண்பது வயதைக் கடந்த பிறகு, 1936-ல், ‘கனம் கிருஷ்ணையர்’ என்ற வரலாற்று நூலை அச்சிட்டார். தகப்பனார் வாயால் கேட்ட நிகழ்ச்சிகளும், சேர்க்க முடிந்த பாடல்களும் அதில் அடங்கின. 1940-லிருந்து ஆனந்த விகடனில் வாரா வாரம் வெளிவந்த ‘என் சரித்திர’த்திலும் கிருஷ்ணையர் வருகிறார். அந்தத் தொடர் முடியுமுன் 1942 ஏப்ரல் 28-ல் சாமிநாதையர் காலமானார். மேலே நான் எழுதிய கபிஸ்தலமும் யுவரங்கரின் பாராமுகமும் நமக்குத் தெரிய வந்தது இந்த எழுத்துகளால். தமிழ்நாட்டில் ஒரு பாடகருக்கு இவ்வளவு கடன் பட்டு இவ்வளவு நேர்மையாக அதைத் திருப்பித் தந்த இன்னொரு எழுத்தாளரை நான் அறியேன்.

கன மார்க்கம் என்ன ஆயிற்று? அது போய்விட்டது. ஒலிப்பெருக்கி வருவதற்கு வெகு முன்பே அதைச் சாதகம் செய்கிறவர்கள் குறைந்துபோனார்கள். ஒலிப்பெருக்கி வந்த பிறகு அதன் தேவையே இல்லாமல் போனது. ஒரு மூப்பனார் வீட்டில் மாதக்கணக்கில் சோறும் தனிமையும் கிடைத்தால்தான் வரும் வித்தை அது. அப்படிப்பட்ட வீடுகள் மறைந்தன.

பதங்கள் பிழைத்தன. அதற்கு நன்றி சொல்ல வேண்டியது முக்கியமாக ஒரு குடும்பத்துக்கு. சென்னையில் வீணை தனம்மாளும் அவர் வழியினரும் பதங்களை உயிராகப் பேணினார்கள். அவர்கள் காத்தவற்றில் கிருஷ்ணையரின் பதங்களும் உண்டு. தனம்மாளின் பேத்திகளான பிருந்தாவும் முக்தாவும் பாடினார்கள். இன்னொரு பேத்தி பாலசரஸ்வதி பதத்துக்கு அபிநயம் பிடித்து உலகத்தைக் கட்டிப்போட்டார். பாலசரஸ்வதியும், தம்பிகள் மிருதங்கம் ரங்கநாதனும் புல்லாங்குழல் விஸ்வநாதனும் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார்கள். ஆர்னெட் கோல்மனின் குழுவில் டிரம்ஸ் வாசித்த நியூ ஆர்லீன்ஸ்காரர் எட் பிளாக்வெல் ஆசிரியராக இருந்ததும் அதே பல்கலைக்கழகத்தில். தனம்மாள் வீட்டுச் சங்கீதத்துக்கும் ஜாஸுக்கும் ஒரே வளாகத்தில் படியளந்தது ஒரு கல்லூரி. ஜமீனும் கிளப்பும் போன பிறகு வந்த புதுப் புரவலர் அது. அந்தக் கதை தனி இதழுக்கு உரியது.

உடையார்பாளையத்தில் கிருஷ்ணையரின் பதங்களை ஊரார் கேட்கும்படி பாட வேண்டும். திருவையாற்றில் தியாகையருக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கூடுகிறோம். பயறணீஸ்வரர் சந்நிதியில் ஒரு மாலை, நான்கு பதம், ஒரு தம்புரா போதும். பதம் பாடம் உள்ள வித்துவான்கள், விதுஷிகள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் மனம் வைக்க வேண்டும். பெரிய திருக்குன்றம், உடையார்பாளையம், அரியலூர், குன்னம், கார்குடிப் பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பரணில், பழைய டிரங்குப் பெட்டியில், தாத்தா பாட்டி கையெழுத்தில் பாட்டு எழுதிய நோட்டோ ஓலையோ இருந்தால், கரையான் அரிக்குமுன் எடுத்துத் தூசி தட்டுங்கள். ‘யுவரங்க’ என்ற பெயர் எங்காவது கண்ணில் பட்டால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து இந்தத் தொடருக்கு அனுப்புங்கள்.

(தொடரும்)